பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில் மூப்பான மரங்கள்: காற்று காலத்துக்கு முன் என்ன பார்ப்பது?

வேலிப்பூ

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமான் (குடியிருப்பு), ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டியது. வீடுகளுக்கே முப்பது வயது தாண்டிவிட்டது. மரங்களில் சில அதற்கும் மூத்தவை. அக்டோபர் பிறந்தால் மாலைக் காற்றும் இடியும் தொடங்கிவிடும். அதற்குள் மூன்று மரங்களுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

மாமரம்: வாசலில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 190 செ.மீ. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இரண்டு கவையாகப் பிரிகிறது. ஒன்று கூரைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. சிமெண்டுத் தரை தண்டை ஒட்டியே போட்டிருக்கிறது.

பலா: பின்வேலி ஓரம். ஒரு பக்கத்துக் கிளைகளில் மட்டும் இலை வெளிறி, சிறுத்துவிட்டது. வழக்கத்தைவிட அதிகமாகப் பிஞ்சு விட்டிருக்கிறது.

தூங்குமூஞ்சி: தெருமுனையில், சின்னக் கோயிலுக்கும் லோங்காங்குக்கும் (வடிகால்) நடுவில். சுற்றளவு 300 செ.மீ. சில ஆண்டுகளுக்கு முன் உச்சியை மொட்டையடித்தார்கள். இப்போது துடைப்பம் போலக் குச்சி குச்சியாக வளர்ந்து நிற்கிறது. அடியில் ஒரு பொந்து. போன வருடம் லோங்காங்கை அகலமாக்கினார்கள்.

மரம் வெட்டுபவர் ஒருவர் வந்து பார்த்தார். மூன்றையும் பாதிக்கு இறக்கிவிட்டால் பயமில்லை, 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். செய்யலாமா?

பால்மரக்காடு

வேலிப்பூ அக்கா, மூன்று மரத்துக்கும் தனித்தனிச் சிக்கல் இருக்கிறது. பாதிக்கு இறக்குவது அதில் ஒன்றுக்கும் மருந்தில்லை. தூங்குமூஞ்சியை ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் செய்தாயிற்று, பலன் கண்முன் நிற்கிறது.

மரம் வெட்டுபவர் அண்ணாந்து பார்த்து விலை சொல்லியிருக்கிறார். நீங்கள் குனிந்து பாருங்கள். இலை காற்றைப் பிடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நல்ல வேரும் நல்ல அடியும் உள்ள மரம் அந்த இலையோடுதான் இத்தனை வருடக் காற்றையும் தாங்கியிருக்கிறது. மூத்த மரம் விழும்போது பெரும்பாலும் காரணம் வேரிலோ, அடிமரத்திலோ, கவையிலோ இருக்கும்.

அடியில் கிடக்கும் சருகு, பூச்சட்டி, கல் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரிவது தெரிய வேண்டும். விரியாமல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் பிற்பாடு யாரோ மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். அந்த மண்ணைக் கையாலோ சின்னக் கரண்டியாலோ வேர் தெரியும் வரை விலக்குங்கள், சங்குல் (மண்வெட்டி) வேண்டாம். புதைந்த பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும்.

நல்ல மழைக்கு மறுநாள் மரத்தைச் சுற்றி நடந்து, தரையில் வில் மாதிரி வளைந்த வெடிப்பு இருக்கிறதா, ஒரு பக்கம் மண் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாய்வின் எதிர்ப்பக்கத்தில் மண் தூக்கியிருந்தால் வேர்த்தட்டு பெயரத் தொடங்கிவிட்டது, அன்றைக்கே அந்த இடத்தைக் கயிறு கட்டி மூடுங்கள். பழைய சாய்வு வேறு: தண்டு சாய்ந்தாலும் மேலே போகப் போக வளைந்து நிமிர்ந்திருக்கும். அடி முதல் நுனி வரை ஒரே நேர்கோட்டில் சாய்ந்திருந்தால் அது புதுசு.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ரப்பர் சுத்தியலோ கனமான மரக்கட்டையோ போதும். தரையிலிருந்து தலை உயரம் வரை, ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் தட்டுங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் குறுகிக் கேட்கும், உள்ளே காலியான இடத்தில் முழங்கும். முழங்கும் இடத்தையெல்லாம் சாக்குக் கட்டியால் குறித்து, பிறகு தள்ளி நின்று பாருங்கள். குறிகள் எந்தப் பக்கம் கூடியிருக்கின்றன என்பதுதான் சேதி.

பொந்து இருப்பதாலேயே மரம் விழாது. சுற்றியிருக்கும் கெட்டி மரத்தின் கனம்தான் கணக்கு. தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமாவது கெட்டியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். உங்கள் தூங்குமூஞ்சிக்குச் சுற்றளவு 300 என்றால் குறுக்களவு 95, ஆரம் 48 செ.மீ. சுற்றிலும் 16 செ.மீ. கெட்டி மரம் வேண்டும். பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் அதுவும் போதாது. மெல்லிய இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, குத்தாமல் தொட்டுப் பார்த்தால் தோராயமாகத் தெரியும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒலி அலைக் கருவியோ ஊசித் துளைக் கருவியோ வைத்திருக்கும் ஆர்போரிஸ்டைத்தான் (மர வல்லுநர்) கூப்பிட வேண்டும். பொந்தில் சிமெண்ட் அடைக்காதீர்கள். மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது, இடையில் தண்ணீர் தேங்கி அழுகல் வேகமாகும். தண்ணீர் வடியட்டும் என்று ஓட்டை போடுவதும், இற்றதைச் சுரண்டி எடுப்பதும் கூடாது. மரம் அழுகலைச் சுற்றித் தானே ஒரு தடுப்பு கட்டியிருக்கும், அதை உடைத்துவிடுவீர்கள்.

அடியில் தட்டுக்காளான் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். மேலே வார்னிஷ் பூசியது மாதிரி செம்பழுப்பு, கீழே வெள்ளை என்றால் கனோடெர்மா, வேரையும் அடியையும் அழுக வைக்கும் பூஞ்சை. மேலே ஆரஞ்சு, ஓரம் வெளிர்மஞ்சள் என்றால் ரப்பர்த் தோட்டத்து வெள்ளை வேர் நோய். வேரின் மேல் மண்ணும் மணலும் பழுப்புப் பொருக்காக ஒட்டி, கழுவினாலும் போகவில்லை என்றால் பழுப்பு வேர் நோய்.

மாமரத்துக்கு இப்போதைக்கு அவசரம் சிமெண்ட்தான். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது, முடிந்தால் ஒன்றரை மீட்டர், உடைத்து எடுங்கள். பிரேக்கர் வைத்து ஆழமாக இறக்கிவிடக் கூடாது, பலகையை மட்டும் பெயர்த்து எடுக்க வேண்டும். அடியில் தட்டுப்படும் வேரை வெட்ட வேண்டாம். திறந்த இடத்தில் மக்கிய மரத்தூளோ சருகோ 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் விலகி. தண்டில் குவித்துப் போட்டால் பட்டை அழுகும். மூத்த மரத்துக்கு உரமூட்டை வேண்டாம். தழைச்சத்து ஏறினால் நுனியில் கனத்த இலை தள்ளும், காற்றுக்கு அதுவே பாய் விரித்துக் கொடுக்கும்.

தூங்குமூஞ்சிதான் எனக்குக் கவலை. லோங்காங் தோண்டியபோது தண்டிலிருந்து எத்தனை மீட்டரில் வேர் வெட்டப்பட்டது? அளந்து சொல்லுங்கள். பொதுவாகக் குறுக்களவைப் போல 12 மடங்கு ஆரம் வரை வேர்ப்பகுதி என்று வைத்துக் காப்பார்கள், உங்கள் மரத்துக்கு 11 மீட்டருக்கு மேல். மூன்று மடங்குக்குள், அதாவது 3 மீட்டருக்குள் வெட்டியிருந்தால் மரத்தைப் பிடித்து நிறுத்தும் கனத்த வேர்களே போய்விட்டன. பலர் வேர் வெட்டிய பக்கம்தான் மரம் சாயும் என்று நினைத்து அந்தப் பக்கம் மட்டும் ஆளை விலக்குகிறார்கள். காற்று வரும் பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கும். அது இல்லையென்றால் மரம் எதிர்ப்பக்கம் சாயும். லோங்காங் பக்கம் வேர் போயிருந்தால் ஆபத்து கோயில் பக்கம்.

கயிறும் ரம்பமும்

அக்கா, அண்ணன் அடியைச் சொல்லிட்டாரு. நான் வெட்டு வேலையைச் சொல்றேன், ஏன்னா வெட்டத்தான் ஆள் கூப்பிடப் போறீங்க.

மொட்டையடிச்சா ஏன் கெடுதல்னா, வெட்டின முண்டுல முளைக்கிற குச்சி எல்லாம் மேல்பட்டையை ஒட்டித்தான் வேர் பிடிச்ச மாதிரி நிக்கும், உள் மரத்துல இருந்து வர்ற கிளை மாதிரி ஊன்றி இருக்காது. நம்ம ஊர் மழைக்கு அது சரசரன்னு நீளும். முண்டு மேலே இருந்து கீழே அழுகிக்கிட்டே வரும், குச்சி மேலே கனத்துக்கிட்டே போகும். ரெண்டும் சந்திக்கிற அன்னைக்கு ஒரு காத்து போதும். மொட்டையடிச்ச ரெண்டு வருஷம் நல்லாத் தெரியும், அதனாலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க.

மாமரத்துக்குத் தேவை நுனிக் குறைப்பு. கூரை மேல போற கவையில நுனியில இருந்து ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் உள்ளே வந்து, ஒரு பக்கக்கிளை பிரியிற இடத்துல வெட்டணும். அந்தப் பக்கக்கிளை வெட்டுற கிளையோட மூணுல ஒரு பங்கு பருமனாவது இருக்கணும், அப்பத்தான் அது நுனி வேலையை எடுத்துக்கும். வெட்டுவாய் 5, 8 செ.மீ.க்குள்ள இருக்கட்டும். 10 செ.மீ. தாண்டின காயம் மூத்த மரத்துல மூடறது சிரமம். ஒரு தடவையில பச்சை இலையில பத்துல ஒண்ணு, மிஞ்சினா பதினஞ்சு விழுக்காடு எடுத்தாப் போதும். பழக்காலம் முடிஞ்ச கையோட செய்யலாம்.

இன்னொண்ணு. உள்பக்கத்துக் கிளையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு நுனியில மட்டும் இலை விட்டு வைப்பாங்க, பார்க்க சுத்தமா இருக்கும். செய்ய விடாதீங்க. பாரமெல்லாம் நுனிக்குப் போயிடும், கிளை நடுவுல முறியும்.

கனத்த கிளையை எடுத்தே ஆகணும்னா மூணு வெட்டு. தண்டுல இருந்து ஒரு சாணுக்குச் சற்று மேல தள்ளி, கீழ்ப்பக்கம் மூணுல ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதுக்கு இன்னும் 5 செ.மீ. வெளியே மேலே இருந்து ரெண்டாவது வெட்டு, கிளை ஒடிஞ்சு விழும்போது பட்டை தண்டு வரைக்கும் உரியாது. மிச்ச முண்டை, கிளை தண்டோட சேர்ற இடத்துல வீங்கின வளையம் தெரியும் பாருங்க, அதுக்கு ஒட்டி வெளியே மூணாவது வெட்டு. வளையத்தையும் சேர்த்து மழுங்கச் சீவினாக் காயம் மூடாது. ரொம்ப வெளியே விட்டா முண்டு அழுகும். வெட்டின இடத்துல பெயிண்ட், தார் ஒண்ணும் பூச வேண்டாம்.

கனத்தைக் குறைச்சு எடை போடாதீங்க. 20 செ.மீ. பருமன், 3 மீட்டர் நீளம் பச்சைக்கிளை வெறும் மரமே 80 கிலோவுக்குக் கிட்ட வரும், இலையும் தண்ணியும் தனி. ஏணியில நின்னு செயின்சா பிடிக்கிற ஆளைக் கண்டா அன்னைக்கே அனுப்பிடுங்க. கிளை விழுந்ததும் பாரம் விட்ட மரம் துள்ளும், ஏணி நழுவும். கயிறும் இடுப்பு வாரும் இல்ல ஸ்கைலிஃப்டும் (ஆளைத் தூக்கி நிறுத்துற லோரி) இருக்கணும், கீழே கயிறு பிடிக்க ஒரு ஆள், தலையில ஹெல்மெட். காலில் ஆணி முள் கட்டி உயிர் மரத்துல ஏறுறவனையும் விட வேண்டாம், ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். வெட்டிச் சாய்க்கிற மரம்னா பரவாயில்ல.

கவையைப் பாருங்க. பிரியிற இடம் அகலமா வளைஞ்சு, மேலே பட்டை வரப்பு மாதிரி எழும்பியிருந்தா நல்ல கவை. ஒடுங்கின ஆங்கில V எழுத்தா இருந்து, ரெண்டு தண்டுக்கும் நடுவுல பட்டை உள்ளே மடிஞ்சு போயிருந்தா அங்க மரமும் மரமும் ஒட்டவே இல்ல. கீழே வெடிப்பு, கருப்பாக் கசிவு இருக்கா பாருங்க. இருந்தா நுனிக் குறைப்போட எஃகுக் கம்பிவடமும் போடலாம், கவையில இருந்து உச்சி வரைக்கும் உள்ள உயரத்துல மூணுல ரெண்டு பங்கு மேலே. கிளையைச் சுத்தி வெறுங்கம்பி கட்டாதீங்க, வளர வளரப் பட்டையை அறுத்துடும். துளை போட்டு வளையபோல்ட்டுல மாட்டணும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஏறிப் பார்க்கணும். பார்க்கிற உத்தேசம் இல்லன்னா வடமே வேண்டாம்.

லைன்ஓரம்

தெருமுனை மரத்துப் பக்கம் மின்கம்பி போகிறதா? போனால் யாரும் கை வைக்க வேண்டாம். ஈரக்கிளை கம்பியைத் தொடாமல் கிட்டே போனாலே போதும், மின்சாரம் பாயும். மின்வாரியமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணில் சொல்லி, கம்பியை ஒட்டிய பகுதியை அவர்கள் பார்க்கட்டும். புயலில் அறுந்து விழுந்த கம்பி மேல் மரம் கிடந்தால் அதையும் இதே எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆள் சிக்கியிருந்தால் 999.

லோங்காங் ஓரம் நகராண்மைக் கழகத்து நிலம். வெட்டச் சொல்லி நீங்கள் ஆள் அமர்த்தக் கூடாது, எழுத்தில் மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வளாகத்து மரமும் முழுக்க உங்கள் இஷ்டம் இல்லை. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி (சட்டம் 172) சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்டிச் சாய்க்க நகராண்மைக் கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். செத்த மரம், சாகிற மரம், உடனடி ஆபத்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கை நம்பி வெட்டுவதானால் வெட்டும் முன் வெடிப்பு, காளான், அழுகல் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

காரை இப்போதே வேறு இடத்தில் நிறுத்துங்கள், செலவில்லாத வேலை. கோயிலில் மரத்தடியில் பெஞ்சு இருந்தால் அதையும் நகர்த்தச் சொல்லுங்கள். கார் இன்சூரன்சில் ஸ்பெஷல் பெரில்ஸ் (புயல், வெள்ளம் போன்றவற்றுக்கான கூடுதல் காப்பு) சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், சாதாரண முழுக் காப்பீட்டில் புயல் சேதம் வராது.

வேலிப்பூ

நன்றி. சொன்னபடி பார்த்தோம். மாமரக் கவை அகலமாகத்தான் இருக்கிறது, வெடிப்பு இல்லை, சுற்றிலும் கெட்டிச் சத்தம்.

தூங்குமூஞ்சியில் லோங்காங் சுவர் தண்டிலிருந்து 1.4 மீட்டர். சுவரோரம் கையளவு பருமனான வேர்கள் மழுங்க வெட்டப்பட்டுத் தெரிகின்றன. முழங்கால் உயரம் வரை லோங்காங் பக்கம் முழுவதும் முழங்குகிறது. கோயில் பக்கம் தண்டில் மஞ்சள் துணி அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தது. பூசாரி ஐயாவிடம் கேட்டு அவிழ்த்தோம், உள்ளே பட்டை கறுத்து ஈரமாக இருக்கிறது, பழைய விளக்குக் கம்பி ஒன்று பட்டைக்குள் பதிந்துபோயிருக்கிறது. திருவிழாக் குப்பையை அந்த அடியில்தான் எரிப்பார்களாம்.

பலாவில் தட்டினால் வித்தியாசம் தெரியவில்லை. காளானும் இல்லை. ஆனால் இலை இன்னும் உதிர்கிறது.

பால்மரக்காடு

1.4 மீட்டர் என்றால் குறுக்களவில் ஒன்றரை மடங்குதான். அதோடு அதே பக்கம் அடியும் காலி. கயிறும் ரம்பமும் தம்பி சொன்ன நுனிக் குறைப்பு மாமரத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. மொட்டையடித்த மரமாக மட்டும் இருந்தால் ஒவ்வொரு முண்டிலும் நல்ல இடைவெளியில் இரண்டு மூன்று குச்சிகளை நிறுத்தி, மற்றதை இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து மீட்கலாம். பிடிமானமே போன மரத்துக்கு அது நேரம் கடத்துவது. மனுவில் "கிளை வெட்டவும்" என்று எழுதாதீர்கள். சுவருக்கும் தண்டுக்கும் உள்ள தூரம், வெட்டிய வேரின் படம், பொந்தின் படம், கோயிலுக்கு உள்ள தூரம் நான்கையும் போட்டு, ஆபத்தான மரம், அகற்ற வேண்டும் என்று எழுதுங்கள். அகற்றும் வரை இடிமழை எச்சரிக்கை வந்தால் மரத்தடியில் ஆளே இருக்கக் கூடாது. இடிமழைக் காற்று மழைக்கு முன்னே பாயும், எந்தத் திசையிலிருந்தும் வரும். மழை வரட்டும் பிறகு எழுந்து போகலாம் என்றால் நேரம் தவறிவிடும்.

பூசாரி ஐயாவிடம் இதையும் சொல்லுங்கள்: அடுத்து எந்த மரத்துக்குத் துணி கட்டினாலும் பழையதை அவிழ்த்துவிட்டுக் கட்டட்டும், தளர்வாக. தீ மட்டும் அடியில் வேண்டாம். பட்டைக்கு உள்ளேயுள்ள உயிர்ப்படலம் வெந்துபோகும், வெளியே பல மாதம் ஒன்றும் தெரியாது.

பலா எனக்கு வெள்ளை வேர் நோய் மாதிரித்தான் படுகிறது. ஒரு பக்கம் வெளிறல், வழக்கத்தைவிட அதிகமாகப் பிஞ்சு தள்ளுவது, தட்டினால் ஒன்றும் தெரியாதது. நிலம் வேறு ரப்பர் நிலம். தோட்டத்தை அழித்தபோது முழுக்கக் கிளறி எடுக்காத கட்டைகள் மண்ணுக்குள் கிடந்தால் பூஞ்சை அதில் பல வருடம் உயிர் வைத்திருக்கும், வேர் வேரைத் தொட்டுப் பரவும். தோட்டத்தில் செய்யும் சோதனையைச் செய்யுங்கள்: தண்டின் அடியைச் சுற்றி ஈரச் சருகை ஒரு சாண் கனத்துக்குக் குவித்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு மெதுவாக விலக்கிப் பாருங்கள். (சருகைத் தண்டில் குவிக்காதீர்கள் என்று முன்பு சொன்னது நிரந்தரமாகப் போடும் சருகுக்கு, இது சோதனைக்கு மட்டும்.) அடித்தண்டிலும் வேரிலும் வெள்ளை இழைகள் தட்டையாக ஒட்டிக் கிளை கிளையாகப் பிரிந்து போனால் சந்தேகமில்லை. விரலால் தேய்த்தால் சுலபத்தில் வராது, அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும்.

வேலிப்பூ

சருகு வைத்துப் பார்த்தோம். நீங்கள் சொன்ன அதே வெள்ளை இழை, வேலிப் பக்கத்து இரண்டு பெரிய வேரிலும். மருந்து ஊற்றினால் பிழைக்குமா? பக்கத்தில் 4 மீட்டரில் ஒரு ரம்புத்தானும் இருக்கிறது.

பால்மரக்காடு

ஹெக்சாகோனசோல், புரோப்பிகோனசோல் மாதிரி மருந்துகளை இளம் ரப்பரில் வேரடியில் ஊற்றுவார்கள், தொடக்கத்திலேயே பிடித்தால் பலன் உண்டு. இலை உதிரும் நிலைக்கு வந்த பெரிய பலாவுக்குக் காசுதான் கரையும். இலையில் தெரியும்போது வேர் பாதிக்கு மேல் போயிருக்கும், அந்த மரம் இலை பச்சையாக இருக்கும்போதே காற்றில் சாயும். அனுமதி வாங்கி எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது கட்டையோடு, விரல் பருமன் வேர் வரை தோண்டி எடுக்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போகிறேன் என்று வெட்டுபவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மரத்துக்கு நோயை ஊன்றிவைத்த கதைதான். தோண்டிய வேரை அங்கேயே புதைக்காமல் லோரியில் ஏற்றி அனுப்புங்கள். ரம்புத்தானுக்கும் பலாவுக்கும் நடுவில் 60 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். பள்ளத்தில் குறுக்கே வரும் வேர் எல்லாம் அறுபட வேண்டும், ரம்புத்தான் தண்டிலிருந்து 2 மீட்டராவது விலகியிருக்கட்டும். பள்ளத்தை மூடாமல் அவ்வப்போது சுத்தம் செய்து, புது வேர் தாண்டினால் அறுத்துவிடுங்கள். ரம்புத்தான் அடியிலும் அதே சருகுச் சோதனை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதில் இழை இப்போதுதான் தொடங்கியிருந்தால் மருந்து அங்கே ஊற்றலாம், லேபிளில் உள்ள அளவுப்படி.

குழி காலியாக இருக்கிறதே என்று மரவள்ளி ஊன்றிவிடாதீர்கள். அதுவும் இந்தப் பூஞ்சைக்கு இரைதான்.